ஒயினின் நிறம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எந்த உணவுக்கு எந்த ஒயின், ஒயின் ஆலைகளைச் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இரண்டையும் சேர்த்து எழுதியது நல்ல யோசனை. ஆனால் 'மீனுக்கு வெள்ளை, இறைச்சிக்குச் சிவப்பு' என்று ஓர் அட்டவணையைப் போட்டு, காரணத்தை ஒரு வரிகூடச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அதை நம்பி பாட்டிலைத் திறப்பவர் பாதி நேரம் ஏமாந்துதான் போவார். ஒயினில் நாக்குக்கு முக்கியமாகத் தெரிவது புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு, ஆல்கஹாலின் சூடு ஆகிய நான்கும்தான். தட்டில் இருக்கும் உப்பு, புளிப்பு, சர்க்கரை, காரம், கொழுப்பு ஆகியவை இவற்றில் சிலவற்றைத் தூக்கிக் காட்டும், சிலவற்றை அமுக்கிவிடும். எது எதை என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டால் அட்டவணையைத் தேட வேண்டியதில்லை.

மீனையே எடுத்துக்கொள்வோம். சிவப்பு ஒயினோடு மீன் சாப்பிட்டால் வாயில் ஒருவிதக் கவிச்சை நாற்றம் தங்கும் என்பது உண்மை. அதற்குக் காரணம் துவர்ப்பு என்றே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 38 சிவப்பு ஒயின்களையும் 26 வெள்ளை ஒயின்களையும் உலர்ந்த ஸ்காலப் சிப்பியோடு சுவைக்கவைத்துப் பார்த்தார்கள். ஒயினில் இரும்புச்சத்து கூடக் கூட கவிச்சையும் கூடியது. லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டியபோது நன்றாகவே தெரிந்தது. மீனில் உள்ள கொழுப்பு அமிலங்களோடு இரும்பு வினைபுரிவதால் வரும் கோளாறு இது. சிவப்பு ஒயின்களில் இரும்பு சற்று அதிகமாக இருப்பது வழக்கம் என்பதால் அந்தப் பழைய விதி பல நேரம் பலிக்கிறது. ஆனால் இரும்பு குறைந்த சிவப்பும் உண்டு, கூடுதலாக உள்ள வெள்ளையும் உண்டு. லேபிளில் இரும்பின் அளவைப் போட மாட்டார்கள். எனவே செய்யக்கூடியது ஒன்றுதான்: வேறொன்றும் சேர்க்காத ஒரு துண்டு மீனோடு ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது. நெருப்பில் வாட்டிய, எண்ணெய்ச் சத்துள்ள மீனுக்கு பினோ நுவார், கமே போன்ற மெல்லிய சிவப்பு ஒயினை 13 டிகிரிக்குக் குளிரவைத்துக் கொடுத்தால் பெரும்பாலும் குறை வராது.

இறைச்சிக்குச் சிவப்பு என்பதில் உள்ள விஷயம் டானின். திராட்சையின் தோல், விதை, காம்பு ஆகியவற்றிலிருந்து வருவது. அது எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்வதால், அதிக நேரம் ஊறிப்போன கட்டந்தேநீர் குடித்ததுபோல் வாய் வறண்டு இழுக்கும். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் அந்த வறட்சியைக் குறைக்கின்றன. ஆனால் அதைவிடப் பெரிய வேலையைச் செய்வது உப்பு. கசப்பை அமுக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. உப்புப் போட்டுச் சுட்ட கொழுப்பான துண்டோடு காபர்னே சாவிஞோன், நெபியோலோ, டானா போன்ற கடும் துவர்ப்பு ஒயின்களும் சாதுவாகிவிடும். அதே இறைச்சியை உப்பில்லாமல், கொழுப்பை நீக்கி வேகவைத்துப் பரிமாறினால், அதே பாட்டில் முரட்டுத்தனமாகத் தெரியும். பாட்டிலின் மேல் பழி போடுவதற்குமுன் உப்பைப் பாருங்கள்.

புளிப்பில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். உணவின் புளிப்பு ஒயினின் புளிப்பை மிஞ்சிவிட்டால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். வெள்ளை ஒயினின் பி.எச். பெரும்பாலும் 3.0 முதல் 3.4 வரை, சிவப்பு 3.3 முதல் 3.7 வரை. எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். எலுமிச்சைச் சாறும் வினிகரும் இதைவிடக் கீழே, 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்பவை. வினிகர் தூக்கலான சாலடை ஒயினால் சமாளிக்க முடியாது. சாலடில்தான் கைவைக்க வேண்டும். வினிகரைப் பாதியாக்கி எண்ணெயைக் கூட்டுங்கள். எலுமிச்சை பிழிந்த உணவுக்கும் தக்காளி மிகுந்த உணவுக்கும் சாவிஞோன் பிளாங், ரீஸ்லிங், ஷெனின் பிளாங் தாக்குப்பிடிக்கும். சிவப்புதான் வேண்டும் என்றால் பர்பேரா: புளிப்பு அதிகம், துவர்ப்பு குறைவு.

கட்டுரையில் திருத்தியே ஆக வேண்டிய இடம், சாக்லேட்டுக்கு உலர், அதாவது இனிப்பில்லாத, சிவப்பு ஒயினைப் பரிந்துரைத்தது. இனிப்பு சாப்பிட்ட வாயில் இனிப்பில்லாத ஒயின் மெலிந்து, புளித்து, கசக்கும். ஒயின் குறைந்தபட்சம் பண்டத்தின் அளவுக்காவது இனிக்க வேண்டும். சாக்லேட்டுக்கு போர்ட் போன்ற, ஆல்கஹால் சேர்த்து வலுவூட்டிய இனிப்பு ஒயின், பழ இனிப்புகளுக்கு சோட்டெர்ன் என்ற பிரெஞ்சு இனிப்பு ஒயின் அல்லது தாமதமாக அறுவடை செய்த ரீஸ்லிங் சரிப்படும். நுரைக்கும் ஒயின் வாங்கும்போது லேபிளில் இன்னொரு பொறி இருக்கிறது. ஐரோப்பிய விதிப்படி 'ப்ரூட்' என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவான சர்க்கரை. 'எக்ஸ்ட்ரா டிரை' என்றால் 12 முதல் 17 கிராம். பெயரில் அதிக உலர்வு, பாட்டிலில் அதிக இனிப்பு! கேக்கோடு வைக்க 32 முதல் 50 கிராம் வரை உள்ள 'டெமி செக்' தேடுங்கள். கேக்கோடு ப்ரூட்டைத் திறப்பது வீண்.

காரத்தைப் பற்றிக் கட்டுரை பேசவே இல்லை. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் வாயில் தூண்டுவது, கொதிக்கும் சூட்டை உணரும் அதே ஏற்பியைத்தான். சுமார் 42 டிகிரியில் விழித்துக்கொள்ளும் அந்த ஏற்பியை ஆல்கஹால் 34 டிகிரியிலேயே எழுப்பிவிடுகிறது என்று 2002-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வாயின் இயல்பான வெப்பமே அதற்கு மேல். 14.5 சதவீத சிவப்பு ஒயினோடு காரமான உணவு உண்டால் எரிச்சல் ஏன் கூடுகிறது என்பதற்கு இதில் பதில் இருக்கிறது. காரத்துக்கு ஏற்றது 8 முதல் 11 சதவீத ஆல்கஹால், கொஞ்சம் இனிப்பு, நல்ல குளிர்ச்சி. இனிப்பு மிச்சமுள்ள ஜெர்மன் ரீஸ்லிங்கைக் குளிரவைத்தால் இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும். நுரை காரத்தைத் தணிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். குமிழிகளும் குத்துவதால் சிலருக்கு எரிச்சல் கூடவே செய்யும்.

இதெல்லாம் வெறும் ஏட்டுச் சமாச்சாரமா என்று கேட்பவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மரப்பீப்பாயில் வைக்காத சாவிஞோன் பிளாங் 50 மில்லி, இளம் காபர்னே சாவிஞோன் 50 மில்லி, இரண்டு தனிக் கிளாஸ்களில். ஒரு தட்டில் எலுமிச்சைத் துண்டு, இரண்டு சிட்டிகை உப்பு, மைக்ரோவேவில் 30 விநாடி சூடாக்கிய உப்பில்லாத காளான், அரைத் தேக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள். முதலில் இரண்டு ஒயினையும் தனியாக ஒரு வாய். பிறகு எலுமிச்சையை நக்கிவிட்டு மறுபடி இரண்டும்: புளிப்பு விலகிப் பழச்சுவை மேலே வரும். தண்ணீர் குடித்து ஒரு நிமிடம் பொறுங்கள். அடுத்து உப்பு: காபர்னேயின் துவர்ப்பு இறங்கும். பிறகு காளான்: அதே காபர்னே சட்டென்று கசந்து வறளும். உமாமி எனப்படும், இறைச்சிச் சாறு போன்ற சுவை செய்யும் குறும்பு அது. சோயா சாஸும் நாள்பட்ட பாலாடைக்கட்டியும்கூட அந்தச் சுவை நிறைந்தவைதான். ஆனால் அந்த இரண்டிலும் உப்பும் நிறைய இருப்பதால் வெளியே தெரிவதில்லை. காளானில் மீதியுள்ள ஒரு சிட்டிகை உப்பைத் தூவி மறுபடி சுவைத்தால் கசப்பு அடங்குவதைக் காணலாம். சர்க்கரையையும் மிளகாயையும் கடைசியில்தான் தொட வேண்டும், மிளகாய் எல்லாவற்றுக்கும் பிறகு. முதலில் தொட்டால் மற்ற எதுவும் தெரியாது. இந்த 20 நிமிடச் சோதனையில் தெரிந்துகொள்வது ஒரு பக்க அட்டவணையில் கிடைக்காது.

வெப்பநிலை பற்றிச் சுருக்கமாக: நுரைக்கும் ஒயின் 6 முதல் 10 டிகிரி, மெல்லிய வெள்ளை 8 முதல் 10, கனமான வெள்ளை 10 முதல் 13, மெல்லிய சிவப்பு 12 முதல் 14, கனமான சிவப்பு 16 முதல் 18. சிவப்பு ஒயினை 'அறை வெப்பநிலையில்' பரிமாறச் சொல்வது, வீட்டுக்குள் 18 டிகிரிகூட இல்லாத குளிர்நாட்டுக் காலத்துச் சொல். 28 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால் மூக்கில் ஏறும், பழமணம் ஒளிந்துகொள்ளும். ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்து எடுங்கள். அவசரத்துக்கு வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர். ஐஸ் மட்டும் போட்டால் பாட்டிலைச் சரியாகத் தொடாது, குளிர அதிக நேரம் ஆகும்.

இனி ஒயின் ஆலைக்கு வருவோம். கட்டுரையில் அது ஒரு நாள் குடிப்பயணமாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் மேலே சொன்ன புளிப்பும் துவர்ப்பும் எங்கிருந்து வருகின்றன என்று கண்ணால் பார்க்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். சுவைக்கூடத்தில் மட்டும் நின்றுவிட்டுத் திரும்பாமல், தொட்டிக்கூடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முன்கூட்டி நேரம் வாங்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் காட்டுவார்கள். அறுவடை வட கோளத்தில் பொதுவாக ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, தென் கோளத்தில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. அந்தச் சமயத்தில் பார்க்க நிறைய இருக்கும், பேச ஆள் கிடைக்காது. நிதானமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் அறுவடை முடிந்து ஓரிரு மாதம் கழித்துப் போவது நல்லது.

அறுவடைக் காலத்தில் போனால் சிவப்பு ஒயின் நொதிக்கும் தொட்டியை அவசியம் பாருங்கள். நொதித்தலில் கிளம்பும் கரியமில வாயு தோல்களை மேலே தள்ளி, கெட்டியான ஒரு மூடி போலத் திரட்டி நிறுத்திவிடும். நிறமும் டானினும் அந்தத் தோலில்தான். அதனால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை அந்த மூடியைக் கோலால் அமுக்கிச் சாற்றுக்குள் முழுக்குவார்கள், அல்லது அடியிலிருந்து சாற்றைப் பம்பு செய்து மேலே பொழிவார்கள். கவனிக்காமல் விட்டால் மூடி காய்ந்து சூடேறும், அசிட்டிக் பாக்டீரியா பிடித்து வினிகர் வாடை வரும். வெள்ளை ஒயினுக்குப் பெரும்பாலும் நொதிக்கும் முன்பே பிழிந்து தோலை நீக்கிவிடுவதால் துவர்ப்பு இல்லை. நொதிக்கும் வெப்பமும் வேறு: வெள்ளைக்குச் சுமார் 12 முதல் 18 டிகிரி, சிவப்புக்கு 25 முதல் 30. ஓர் எச்சரிக்கை: தொட்டியின் வாய்க்குமேல் தலையை நீட்டி முகர்ந்து பார்க்காதீர்கள், குழந்தைகளை நிலவறைக்குள் தனியே விடாதீர்கள். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, கண்ணுக்குத் தெரியாது, தாழ்வான இடத்தில் தேங்கும். ஒயின் ஆலைகளில் அது ஆளைக் கொன்றிருக்கிறது.

வழிகாட்டியிடம் 'இதில் என்ன மணம் வருகிறது' என்று கேட்காதீர்கள். அவர் செர்ரி என்பார், உங்களுக்கும் உடனே செர்ரிதான் மணக்கும். கேட்க வேண்டியவை வேறு. எத்தனை நாள் தோலோடு கிடந்தது? ஐந்து நாள் என்றால் மெல்லிய உணவுக்கு, மூன்று வாரம் என்றால் பெரும்பாலும் கொழுப்பும் உப்பும் உள்ள இறைச்சிக்கு. மாலோலாக்டிக் மாற்றம் முழுதாக நடந்ததா? கூர்மையான மாலிக் அமிலத்தை பாக்டீரியா மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும் வேலை அது. நடந்திருந்தால் வெள்ளை ஒயின் வெண்ணெய் வாசத்தோடு வழவழப்பாக இருக்கும். வெண்ணெய், கிரீம் சேர்ந்த உணவுக்கு ஏற்றது, எலுமிச்சை பிழிந்ததற்கு ஆகாது. மீதச் சர்க்கரை லிட்டருக்கு எத்தனை கிராம்? திராட்சைச் சாற்றில் லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 சதவீத ஆல்கஹால் கிடைக்கும். 220 கிராம் முழுவதும் நொதித்தால் ஏறத்தாழ 13 சதவீதம். சர்க்கரை மிச்சமிருந்தால் அந்த அளவுக்கு ஆல்கஹால் குறைந்திருக்கும், காரத்துக்கு நல்லது. பீப்பாய் புதியதா, பழையதா, எத்தனை மாதம்? 225 லிட்டர் புதுப் பீப்பாயில் ஒன்றரை வருடம் கிடந்த ஒயின் மரத்தின் துவர்ப்பையும் வறுத்த வாசத்தையும் சேர்த்துக்கொண்டு வரும்; நெருப்பில் சுட்ட உணவோடு அது நிற்கும், ஆவியில் வெந்ததை விழுங்கிவிடும்.

சுவைக்கும்போது அளவைக் கவனியுங்கள். ஓர் ஊற்று 50 மில்லி என்று வைத்துக்கொண்டால் ஆறு ஒயினுக்கு 300 மில்லி. 13.5 சதவீதத்தில் அது 32 கிராம் சுத்த ஆல்கஹால், தலா 10 கிராம் என்று கணக்கிட்டால் மூன்று முழு அளவு மது. இரண்டு ஆலைக்குப் போனால் ஆறு. துப்புவதற்காகத்தான் அங்கே பாத்திரம் வைத்திருக்கிறார்கள். துப்பினால் அவமரியாதை என்று யாரும் நினைக்க மாட்டார்கள். துப்பாதவரைத்தான் ஆலைக்காரர்கள் கவலையோடு பார்ப்பார்கள். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகவே செய்யும் என்பதால், வண்டி ஓட்டுபவர் சுவைக்கவே கூடாது. ஒரு நாளைக்கு இரண்டு ஆலை போதும். மூன்றாவதில் நாக்கு மரத்துப்போய் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும்.

சுவைக்கும் வரிசை: நுரைப்பது, வெள்ளை, ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயின், மெல்லிய சிவப்பு, கனமான சிவப்பு, இனிப்பு. சென்ட் பூசிக்கொண்டு போகாதீர்கள். உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவருக்கும் மூக்கு அடைபடும். பாட்டில் எப்போது திறந்தது என்று கேளுங்கள். நேற்றே திறந்து மேசையில் நின்றது என்றால் அது மங்கிப்போய் இருக்கலாம், புதியதைத் திறக்கச் சொல்வதில் தவறில்லை. ஈரமான அட்டைப்பெட்டி வாடை வந்தால் அது டி.சி.ஏ. என்ற பொருளால் வரும் தக்கைக் கோளாறு. உடம்புக்குத் தீங்கில்லை, ஆனால் பழமணம் செத்துப்போயிருக்கும். காற்றாட வைத்தாலும் சரியாகாது. இலேசாக இருக்கும்போது வாடையே தெரியாமல் ஒயின் வெறுமையாக மட்டும் தெரியும். முதல்முறை வருபவர்கள் அந்த ஆலையின் ஒயினே இப்படித்தான் என்று முடிவுகட்டிவிடுவது இதனால்தான்.

பல இடங்களில் தட்டில் பாலாடைக்கட்டி வைப்பார்கள். வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யும்வரை அதைத் தொடாதீர்கள். பாலாடைக்கட்டி சாப்பிட்டபின் சிவப்பு ஒயினின் துவர்ப்பு மட்டுமல்ல, பழமணமும் மரவாசமும் சேர்ந்து மங்குவதைக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2006-இல் பதிவு செய்திருக்கிறார்கள். குறையுள்ள ஒயினும் அந்தத் தட்டோடு நன்றாகவே இருக்கும். தண்ணீரும், உப்பில்லாத ரொட்டித் துண்டும் போதும். பிடித்ததை மட்டும் கடைசியில் இன்னொரு வாய் கேட்டு வாங்கிச் சுவையுங்கள். வீட்டில் எந்த உணவோடு திறக்கப்போகிறோம் என்று அப்போதே பாட்டிலின் மேல் எழுதி ஒட்டிவிடுவது நல்ல பழக்கம். இரண்டு மாதத்தில் எது எதற்கு என்று மறந்துபோகும்.

வாங்கிய பாட்டில்களைக் கார் டிக்கியில் போட்டுவிட்டு மதிய உணவுக்குப் போவதுதான் கடைசியாக நடக்கும் கேடு. வெயிலில் நிற்கும் காரின் உள்ளே வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும். ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும், ஓரத்தில் கசியும், பிறகு குளிரும்போது காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். தக்கை கழுத்தின் விளிம்புக்குமேல் புடைத்திருந்தால் அப்படி நடந்ததற்கான அடையாளம். அந்தப் பாட்டிலைச் சேமித்து வைக்காமல் சீக்கிரம் திறந்துவிட வேண்டும். ஆலைக்குப் போகும்போதே தெர்மகோல் பெட்டி ஒன்றைக் கொண்டுபோங்கள். பாட்டில்கள் உங்களோடு ஏ.சி. ஓடும் பகுதியில் வரட்டும். வீட்டில் 12 முதல் 14 டிகிரி உள்ள, வெளிச்சம் படாத இடம். தக்கை உள்ளவற்றைப் படுக்கவைக்க வேண்டும், திருகுமூடி உள்ளவை எப்படி வைத்தாலும் கெடாது. அடியில் வண்டல் கட்டிய பழைய சிவப்பு ஒயினை மட்டும் திறப்பதற்கு முந்தைய நாள் நிமிர்த்தி வைத்து, கடைசி இரண்டு விரற்கடையைக் கிளாஸில் ஊற்றாமல் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்